வசவுக்கு வசப்பட்ட குதிரை

பத்து ஈத்தாம் என்ற தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்கு உயிருள்ள குதிரை ஒன்று வந்து இறங்கியபோது, அதைப் பார்த்து ஏமாற்றம் அடையாத ஒரே ஆள் இராஜமாணிக்கம்தான். அவர் எதைப் பார்த்தும் ஏமாறுவதில்லை. எல்லாம் மட்டமாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர். உலகத்தில் அவர் மதிக்கிற மனிதர்கள் இரண்டே பேர். ஒருவர் செத்துப்போய்விட்டார். இன்னொருவரை அவர் இன்னும் சந்திக்கவில்லை.

குதிரை லாரியில் வந்தது. காலையில் வந்த லாரியிலிருந்து மத்தியானம் வரை இறங்கவில்லை. தன்னுடைய நிழல் தனக்கு முன்னால் தரையில் இறங்கி நிற்பதைப் பார்த்துவிட்டதாம். வெயில் உச்சிக்கு ஏறி நிழல் காலடிக்குள் ஒடுங்கிய பிறகுதான், வேறு வழியில்லாமல் இறங்கியது.

பந்தயக் குதிரை என்றார் கோயில் தலைவர் அமிர்தலிங்கம். அது பொய்யில்லை. ஓடிய பந்தயங்களில் எல்லாம் அது கடைசியாக வந்த குதிரை. ஒருமுறை அத்தனை தாமதமாக வந்ததால், அடுத்த பந்தயத்தில் இரண்டாவதாக வந்துவிட்டதாக எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு வெற்றியை நம்பித்தான் அதற்கு அதுவரை தீனி போட்டு வைத்திருந்தார்கள். அமிர்தலிங்கம் சிரம்பானில் அறையைக் குளிரவைக்கும் ஏர்கான் பழுதுபார்க்கும் தொழில் செய்பவர். ஏர்கான் கழுவப் போன ஒரு பங்களாவில், அந்தக் குதிரையை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த முதலாளி, கோயிலுக்கு வேண்டுமானால் கொண்டுபோ என்று சொல்லியிருக்கிறார். அவர் அன்றைக்கே லாரியையும் கொடுத்தனுப்பியதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதன் இங்கிலீஷ் பெயர் இடியைக் குறிப்பது. இடி இடித்தால் அது படுத்துவிடும். கோயில் கமிட்டி கூடிப் பேசி அதற்கு வீரன் என்று பெயர் வைத்தது.

பயப்படுவதில் அந்தக் குதிரைக்கு ஒரு நேர்மை இருந்தது. பெரியது சின்னது என்று பார்க்காது. பிளாஸ்டிக் பைக்கும் பயம், பட்டாம்பூச்சிக்கும் பயம். செம்பனை மட்டை விழுகிற சத்தம் கேட்டால் நடுங்கும். விழாவிட்டால், எப்போது விழுமோ என்று அதைவிட அதிகமாக நடுங்கும். ஒருநாள் தன் வால் தன் முதுகிலேயே பட்டதும், யாரோ ஏறிவிட்டார்கள் என்று நினைத்து ஓட ஆரம்பித்தது. சாயங்காலம் வரை ஓடியும் வாலிடமிருந்து தப்ப முடியவில்லை.

அதைக் கட்டிவைக்கத் தோட்டத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆட்கள்தாம் இல்லை. தொழிலாளர் லயங்களை இடித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டாகிவிட்டது. கோலா பிலாவிலும் சிரம்பானிலும் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோனவர்கள் திருவிழா அன்றைக்குக் காரில் வந்து, பொங்கல் வைத்து, வெயில் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மீந்திருந்த கட்டடம் பழைய ஆயாக்கொட்டகை ஒன்றுதான். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போன இடம். தொட்டில் கட்டிய கம்பிக் கொக்கிகள் உத்திரத்தில் இன்னும் தொங்கின. குதிரையை அதற்குள் விட்டார்கள். அது மேலே பார்த்து, கொக்கிகளைக் கண்டு, இரண்டு நாள் தலையை நிமிர்த்தவில்லை.

பயந்த பிராணியை என்ன செய்ய வேண்டும் என்று வேறு யாரைக் கேட்டாலும், கொஞ்சம் தனியாக விடுங்கள் என்று சொல்வார்கள். நம் ஆட்கள் அதைச் சாமி ஆக்கினார்கள். காலையில் சாம்பிராணி, சாயங்காலம் கற்பூரம், நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தாமான்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, அதன் விலாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு கை படும்போதும் குதிரை வெடவெடவென்று நடுங்கியது. நடுங்குவதைப் பார்த்ததும் கூட்டத்துக்குப் புல்லரித்துவிட்டது. நடுக்கம் என்றால் நம்மவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: அருள் வந்திருக்கிறது. முனி குதிரைமேல் இறங்கிவிட்டார் என்று இன்னும் கொஞ்சம் கற்பூரம் கொளுத்தினார்கள். கற்பூரம் கூடக் கூட நடுக்கம் கூடியது. நடுக்கம் கூடக் கூடக் கூட்டம் கூடியது. குதிரை பயத்தால் செத்திருந்தால், ஜீவசமாதி என்று சொல்லி அங்கேயே ஒரு மண்டபம் கட்டியிருப்பார்கள்.

இராஜமாணிக்கம் தூரத்தில் தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு வந்தால் கோமாரி, குதிரைக்கு வந்தால் அருளா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். அவர் நகர்ந்துபோனார். இராஜமாணிக்கத்தின் பக்கத்தில் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை.

ஆனால் வருஷத்தில் ஒருநாள் மட்டும் எல்லாரும் அவர் காலில் விழுவார்கள். முனீஸ்வரருக்கு அவர்தான் சாமியாடி. முப்பது வருஷத்துக்கு மேலாகத் திருவிழாவன்று முனி இறங்குவது இராஜமாணிக்கத்தின் மேல்தான். வாயில் சுருட்டு, கையில் சாட்டை, காலில் சலங்கை. உறுமி அடிக்க ஆரம்பித்தால் அவர் கண் சிவந்து, உடம்பு துள்ளி, தோட்டத்து முகப்பிலிருந்து கோயில் வரை ஆடிக்கொண்டு வருவார். வழியெல்லாம் ஜனங்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவி அருள்வாக்குக் கேட்பார்கள். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் அவர் யார்? செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்ந்துபோன கிழவர். ஜொகூரில் இருக்கும் மகன்கள் தீபாவளிக்கு வாட்சாப்பில் விளக்குப் படம் அனுப்புவார்கள். கோலா பிலா பாசாரில் அவர் வணக்கம் சொன்னால் மீன்காரர்கூடத் திரும்பச் சொல்வதில்லை. அந்த ஒருநாளை அவரிடமிருந்து பிடுங்கினால், மிச்சம் இருப்பது வெறும் வாய்தான். அது அவருக்கும் தெரியும்.

பிடுங்கத்தான் பார்த்தார்கள்.

அமிர்தலிங்கத்தின் அக்காள் மகன் சசிதரன். தன்முனைப்புப் பயிற்சி நடத்துகிறவன். தோற்றுப்போனவர்களை ஹாலில் கூட்டி உட்காரவைத்து, நீங்கள் எல்லாரும் சிங்கங்கள் என்று சொல்லி அனுப்புவது அவன் தொழில். அனுப்பிய சிங்கங்கள் அடுத்த மாதம் திரும்பவும் வந்து உட்காரும். அவனுக்குப் போன வருஷம் பினாங்கில் ஒரு கோயிலில் அருள் வந்ததாகவும், அதை யாரோ படம் பிடித்ததாகவும், படத்தில் அழகாக இருந்ததாகவும் அமிர்தலிங்கம் கமிட்டியில் சொன்னார். பழைய சாமியாடியின் வாய் சரியில்லை, திருவிழா இல்லாத நாளில் கமிட்டிக்காரர்களைக் கண்டபடி பேசுகிறார் என்றும் சொன்னார். அதற்காக ஒரு மனிதனை நேரே போ என்று சொல்லவும் முடியாது. குதிரையைக் கொண்டு சொன்னார்கள்.

"அண்ணே, முனியோட வாகனம் குதிர. இந்த வருசம் சாமி குதிரமேலதான் வரணும். குதிர யார ஏத்துக்குதோ அவங்களத்தான் முனி ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம். இதுல நம்ம முடிவெடுக்க என்னா இருக்கு?"

"பந்தயத்துல கடைசியா வந்த குதிரகிட்ட கேட்டுத்தான் இனிமே சாமி எறங்கணுமா, தலைவரே?"

"சாமி முடிவு லா அண்ணே. நான் யாரு?"

காலையில் சசிதரன், சாயங்காலம் இராஜமாணிக்கம் என்று முறை வைத்தார்கள். திருவிழாவன்று முகப்பிலிருந்து கோயில் வரை யாரைச் சுமந்து குதிரை போகிறதோ, அவர்தான் இனி சாமியாடி. வீட்டில் இதைக் கேட்டதும் அவர் மனைவி செல்லம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி, பெற்ற பிள்ளைகளே பக்கத்தில் வரப் பயப்படுகிறார்கள், குதிரை எம்மாத்திரம் என்றாள்.

சசிதரன் போனில் படம் பார்த்துக் குதிரை பழக்கினான். உள்ளங்கையில் கேரட் வைத்து நீட்டினான். ராஜா என்றான், கண்ணா என்றான், நீ ஒரு வெற்றியாளன் என்று அதன் காதில் ரகசியமாகச் சொன்னான். குதிரை கேரட்டைத் தின்றது. பல் நடுங்கிய நடுக்கத்தில் அது வாயிலிருந்து துருவல் துருவலாகக் கொட்டியது. கீழே ஒரு தட்டு வைத்திருந்தால் தோட்டத்துக்கே பொரியல் செய்திருக்கலாம்.

இராஜமாணிக்கத்தின் முதல் சாயங்காலம் அதைவிடக் கேவலமாகப் போனது. லாரிக்கு ஏறுவதைப் போல நேராகப் போய்க் கயிற்றைப் பிடித்தார். குதிரை மூலைக்குள் ஒடுங்கியது. அவர் இன்னும் ஓரடி வைத்தார். அது இன்னும் ஒடுங்கியது. அத்தனை பெரிய பிராணி ஒரு கதவுக் கனத்துக்கு ஒடுங்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். கையை எடுத்துவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் அவருக்கு உள்ளே போகவே பிடிக்கவில்லை. வராமல் இருந்தால் தோற்றதாகச் சொல்லிவிடுவார்களே என்று வந்தார். ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுருட்டைப் பற்றவைத்தார். பேச ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டாலும் அவர் வாய் நிற்காது. அமிர்தலிங்கத்தில் தொடங்கினார்.

இராஜமாணிக்கம் திட்டுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அவர் கத்தமாட்டார். ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. ரோட்டோரத்தில் லாரியை ஓடவிட்டு நிறுத்தினால் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்குமே, அப்படி. அமிர்தலிங்கத்தின் தகப்பன் வேலையாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தபோது மரத்தடியில் தூங்கியதைச் சொன்னார். அமிர்தலிங்கம் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் எதிர்ப்பக்கம் ஓடியதைச் சொன்னார். அவன் கழுவிய ஏர்கான்களில் கழுவியதற்குப் பிறகு அதிகச் சூடு வருவதைச் சொன்னார். செயலாளரைச் சொன்னார், பொருளாளரைச் சொன்னார், பொருளாளரின் பல்செட்டைத் தனியாகச் சொன்னார். சுருட்டு அணைந்து எவ்வளவு நேரமானதோ, பிடரியில் வெந்நீர் ஊற்றியதைப் போலச் சூடாக மூச்சு ஒன்று பட்டது.

திரும்பவில்லை. கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோனார். குதிரையின் தாடை அவர் தோளில் இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கீழுதடு தொங்கியது.

அவர் நிறுத்தினார். குதிரையின் கண் திறந்தது, காது விறைத்தது, தோல் அங்கங்கே துடிக்க ஆரம்பித்தது. அவர் பொருளாளரின் மைத்துனரை எடுத்தார். கண் மூடியது.

பரீட்சை பண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்று, சசிதரனைப் போலக் குரலைக் குழைத்து, ராசா என்று ஒரு வார்த்தை சொன்னார். குதிரை தூக்கிவாரிப்போட்டு எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

இராஜமாணிக்கம் டின்னில் உட்கார்ந்தபடியே யோசித்தார். யோசிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. அந்தக் குதிரை பிறந்ததிலிருந்து அதனிடம் யாராவது இனிக்க இனிக்கப் பேசியிருந்தால், பேசி முடித்ததும் ஊசி போட்டிருப்பார்கள். இல்லை, முதுகில் ஏறிச் சவுக்கால் அடித்திருப்பார்கள். இல்லை, லாரியில் ஏற்றி வேறு யாருக்காவது தள்ளிவிட்டிருப்பார்கள். கண்ணே என்று கூப்பிட்டவன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் வந்திருப்பான். திட்டிக்கொண்டே ஊசி போட்டவனை அது பார்த்ததில்லை. திட்டுகிறவன் கையில் ஒன்றும் இருக்காது. எல்லாம் அவன் வாயிலேயே இருக்கும்.

அன்றிலிருந்து சாயங்காலங்கள் ஒழுங்காக நடந்தன. அவர் திட்டினார், குதிரை கேட்டது. கமிட்டி தீர்ந்ததும் தாமான் தாமானாகப் போனார். புக்கிட் பெலண்டோக்கில் இருக்கும் தன் சம்பந்தியை எடுத்துக்கொண்ட நாளில், குதிரை அவர் மடியில் தலைவைத்துத் தூங்கியது. உயிரோடு இருப்பவர்கள் தீர்ந்தபோது செத்துப்போனவர்களுக்குப் போனார். கணக்கெழுதிய பழைய கிராணிகள், வெள்ளைக்காரத் துரைகள், துரைகள் வளர்த்த நாய்கள் என்று தோட்டத்து வரலாறு முழுவதும் கொட்டகைக்குள் வந்துபோனது. ஒருநாள் யாருமே மிச்சம் இல்லை. வேறு வழியில்லாமல் குதிரையையே திட்டினார். சோம்பேறி, தண்டச்சோறு, நாலு கால் இருந்தும் நொண்டியைவிட மட்டம் என்றார். அதற்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. சுகத்தில் கால் மாற்றி நின்றது. திட்டிக்கொண்டே தேய்த்துவிட்டார். திட்டிக்கொண்டே கயிறு மாட்டினார். பெயிண்ட் டின்மேல் ஏறி, அதன் பெற்றோரைப் பற்றி விசாரித்தபடியே மெதுவாக முதுகில் உட்கார்ந்தார். தன் முதுகில் கிழவர் ஒருவர் இருப்பதை அது கவனித்ததாகவே தெரியவில்லை.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சசிதரன் காலையில் வந்து, குதிரையின் தன்னம்பிக்கை வளர்ந்திருக்கிறது, தன் பயிற்சி வேலை செய்கிறது என்று மாமனிடம் சொன்னதைக் கேட்டும் சும்மா இருந்தார். அன்று சாயங்காலம் குதிரைக்கு நல்ல செவி விருந்து.

திருவிழாவன்று காலையிலேயே முகப்பில் கார்கள் நிறைந்துவிட்டன. சிரம்பானிலிருந்து உறுமி மேளக்காரர்கள் கறுப்புச் சட்டையில் வந்திருந்தார்கள். முதல் முறை சசிதரனுக்கு. மஞ்சள் வேட்டி, புதுச் சலங்கை, சந்தனம் எல்லாம் குறையில்லாமல் இருந்தன. அங்கே நின்ற லாரி ஒன்றின் பின்கதவில் ஏறி நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பி, குதிரைப் பக்கம் குனிந்து, வாடா என் செல்லமே என்றான்.

குதிரை பின்னால் போக ஆரம்பித்தது. முகத்தைச் சசிதரன் பக்கமே வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல், பின்னோக்கியே ஓடியது. முகப்பிலிருந்து செம்பனை வரிசைக்குள் நுழைந்து, ஒரு மரத்திலும் இடிக்காமல், ஒரு வடிகால் கானிலும் விழாமல், வாலை முன்னே விட்டு ஆயாக்கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தது. மோட்டார் சைக்கிளில் துரத்திய இரண்டு பேருக்கும் அதைப் பிடிக்க முடியவில்லை. பந்தயத்தில் அதைத் திருப்பி நிறுத்தி ஓடவிட்டிருந்தால் அதன் தலையெழுத்தே வேறாக இருந்திருக்கும்.

இராஜமாணிக்கம் கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் குதிரைமேல் உட்கார்ந்தபடி வந்தார். வாயில் சுருட்டு. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சாமி மந்திரம் சொல்லுது என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவர் அப்போது சசிதரனின் வேட்டியைப் பற்றிக் குதிரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உறுமி எழும்பியதும் குதிரை நின்றுவிட்டது. முதுகுத் தோல் துடித்தது. இராஜமாணிக்கம் மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார். இது மேளமா, இல்லை குசினியில் சட்டி உருள்கிறதா என்று அதே குரலில் ஆரம்பித்து, அவர்கள் முடிவெட்டு வரைக்கும் போனார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காக அவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். மறுபடி அடிக்கவில்லை. குதிரை நடந்தது.

முதல் பந்தலில் மங்கம்மா சொம்போடு நின்றாள். குதிரையின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மகளுக்கு எப்போது கல்யாணம் நடக்கும் என்று கேட்டாள். வருஷா வருஷம் கேட்கிற கேள்வி. ஆடி கழியட்டும், நல்லது நடக்கும் என்பது வருஷா வருஷம் முனி சொல்கிற பதில். இராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். மகளே என்று தொடங்கும்போதே பழைய அருள்வாக்கின் குழைவு குரலில் தானாக ஏறியது. அடியில் குதிரை விறைத்தது. காதுகள் பின்னால் படுத்தன. இன்னும் ஒரு இனிப்பான வார்த்தை வந்தால் தான் கானில் கிடப்பது நிச்சயம் என்று இராஜமாணிக்கத்துக்குத் தெரிந்தது. முப்பது வருஷத்துச் சாமி கானுக்குள்ளா என்று ஒரு கணம் நினைத்தார். குரலைக் கீழே இறக்கினார்.

"கல்யாணம் எங்க நடக்கும்? வந்த மாப்பிள்ளைய எல்லாம் தொரத்துனது நீதானே? ஒருத்தன் கருப்பு, ஒருத்தன் குட்ட, ஒருத்தன் சாப்பிடுறப்ப சத்தம் வருதுன்னே. உன் புருசன் சாப்பிட்டா பக்கத்துத் தாமானுக்குக் கேக்குது. அவ யாரப் பாக்குறான்னு உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி வந்து என் குதிர கால்ல தண்ணி ஊத்துற."

மங்கம்மா சொம்பைக் கீழே வைத்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு, உண்மைதான் சாமி என்று அழுதாள். இத்தனை வருஷத்தில் முனி இவ்வளவு தெளிவாகப் பேசியதே இல்லை என்று பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். குதிரை கால் மாற்றி நின்று பெருமூச்சு விட்டது.

அதன் பிறகு தள்ளுமுள்ளு. அர்ச்சுனன், மகன் ஏன் போன் பண்ணுவதில்லை என்று கேட்டார். எடுத்தால் நீ உன் முழங்கால் வலியைத் தவிர வேறு என்ன பேசுகிறாய் என்று முனி கேட்டார். வியாபாரம் படுத்துவிட்டது என்றவரிடம், நீ எழுந்திருக்கும்போது மத்தியானம் ஆகிறதே என்றார். திட்டு வாங்கியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கர்வத்தோடு நகர்ந்தார்கள். திட்டு வாங்காதவர்கள் தங்களிடம் என்ன குறை என்று கேட்டுச் சண்டை போட்டார்கள். சும்மா கொட்டகையில் பேசிய பேச்சுத்தான். ஒத்திகை பார்த்த மாதிரி எல்லாம் வரிசையாக வந்தது.

கோயில் வாசலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அமிர்தலிங்கம் டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரை அழைத்துக்கொண்டு வழியில் வந்து நின்றார். தேர்தலுக்குத் தேர்தல் வருகிற வட்டாரப் பிரமுகர். கூட ஒரு உதவியாளர் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே வந்தான். அமிர்தலிங்கம் குதிரையின் ஓரமாக நெருங்கி, பல்லைக் கடித்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, டத்தோவ நாலு வார்த்த நல்லதா சொல்லுங்க. மண்டபத்துக் கூர அவரு கையிலதான் இருக்கு. ஏதாச்சும் ஏடாகூடமா வந்துச்சு, இன்னையோட உங்க ஆட்டம் முடிஞ்சிச்சு."

இராஜமாணிக்கம் மேலே இருந்து பார்த்தார். நல்ல வார்த்தை சொன்னால் குதிரை தள்ளிவிடும். சொல்லாவிட்டால் கமிட்டி தள்ளிவிடும். புகழ்ச்சியைத் திட்டுக் குரலில் சொல்லித் தப்பிக்கலாமா என்று முயற்சி பண்ணினார். மகராசன் என்ற சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தார். அந்தக் குரலில் அந்தச் சொல் ஏறவில்லை. லாரிக்குள் கார் கியரைப் போடுகிற மாதிரி கரகரத்தது. குதிரையின் முதுகு அடியில் மெல்ல நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. அது ஏன் தனக்குப் பிடிக்கவில்லை என்று யோசிக்க நேரமில்லை.

"போன திருவிழாவுக்கும் வந்த," என்றார் டத்தோவைப் பார்த்து. "கூர போடுறேன்னு மைக்குல சொன்ன. மழ வந்துச்சு, நீ வரல. அதுக்கு முந்தி ரோடு போடுறேன்ன. போட்ட ரோடு உன் காரு போனதும் பேந்துபோச்சு. வந்தப்பல்லாம் மூணு தடவ சோறு வாங்கித் தின்ன, பாயசத்த டப்பாவுல கட்டிக்கிட்டுப் போன. உனக்கு ஓட்டு வேணும்னா ஜனங்ககிட்ட கேளு. எங்கிட்ட எதுக்கு வந்த? எனக்கு ஓட்டுப் போட ஐசி கார்டே இல்ல."

அமிர்தலிங்கத்தின் முகம் அவர் கழுவிய ஏர்கானைப் போல வியர்த்துக் கொட்டியது. உதவியாளர் படம் பிடிப்பதை நிறுத்தலாமா என்று முதலாளியின் கண்ணைப் பார்த்தான். ஆனால் டத்தோ பழுத்தவர். இதைவிடப் பெரிய இடங்களில் இதைவிட மோசமாக வாங்கியவர். போனைப் பிடிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டிவிட்டு, மெதுவாகக் கைகூப்பி, அடியேன் பிழை பொறுக்க வேண்டும், கூரை தைப்பூசத்துக்குள் வந்துவிடும் என்று தழுதழுத்தார். சாமியிடமே திட்டு வாங்கிய தலைவர் என்று மத்தியானத்துக்குள் அந்தப் படம் ஆயிரக்கணக்கான போன்களில் சுற்றியது. டத்தோ சந்தோஷமாக மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். டத்தோ சிரித்ததும் அமிர்தலிங்கமும் சிரித்தார். எங்க அண்ணன்மேல் வரும் முனி அப்படித்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சசிதரன் ஓர் ஓரத்தில் நின்று, கடுமையாகப் பேசிப் பழகுவதற்கு ஒரு வகுப்பு ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கார்கள் போய்விட்டன. செல்லம்மா கோப்பிப் போத்தலை எடுத்துக்கொண்டு ஆயாக்கொட்டகைக்கு வந்தாள். இராஜமாணிக்கம் சலங்கையைக்கூட அவிழ்க்காமல் டின்மேல் உட்கார்ந்து, குதிரையின் கால்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் தண்ணீர் காய்ந்து முழங்கால் வரை ஒட்டியிருந்தது. துடைத்துக்கொண்டே, பேடி, தொடைநடுங்கி, உனக்குப் போய் வீரன்னு பேரு வச்சானுங்களே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கை மட்டும் பச்சைக் குழந்தையைத் துடைப்பதைப் போலப் போய்வந்தது.

செல்லம்மா கதவோரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னைக்கு உங்க மேல சாமி வரல," என்றாள்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. வருஷா வருஷம் ஆட்டம் முடிந்த பிறகு ஒன்றும் ஞாபகம் இருக்காது. இன்றைக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது என்றார். அவ்வளவு பேர் நடுவில், அவ்வளவு கற்பூரத்துக்கு மத்தியில் இந்தப் பயந்தாங்கொள்ளி ஆடாமல் அசையாமல் நின்றதே, வந்திருந்தால் இதன்மேல்தான் வந்திருக்கும் என்றார்.

"அதுக்கு ஒரு மாசத்துல புரிஞ்சுபோச்சு," என்றாள் செல்லம்மா. "என்னையும் இந்தக் கொரல்லதான் நாப்பது வருசமா பேசுறீங்க. கல்யாணம் ஆன புதுசுல தெனமும் அழுவேன். இதுக்குப் பின்னால ஒன்னும் இல்ல, அடி இல்ல, ஒத இல்ல, சும்மா வாய்தான்னு எனக்குப் புரியறதுக்குப் பத்து வருசம் ஆச்சு."

இராஜமாணிக்கத்தின் கை நின்றது. திட்ட வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வேறு ஏதோ வரப் பார்த்தது. அதைச் சொல்ல அவருக்குப் பழக்கம் இல்லை, சொல்லியிருந்தால் குதிரை கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். கொட்டகை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் குதிரையின் காதுகள் விறைத்தன. தோல் துடித்தது. தலையைத் தூக்கி உத்திரத்துக் கொக்கிகளைப் பார்த்தது.

செல்லம்மா அதைக் கவனித்தாள். கோப்பிப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு நிதானமான குரலில் ஆரம்பித்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இராஜமாணிக்கம் போட்டிருந்த கால்சட்டையிலிருந்து தொடங்கினாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே துடைத்தார். அவள் அவருடைய தங்கைமார்களுக்கு வந்து சேர்வதற்குள், குதிரை தன் தாடையை மெல்ல இறக்கி, இருவருக்கும் நடுவில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.